பணம் சிறிது, பாதை பெரிது: அமெரிக்க இனக் கொள்கையும் அறக்கட்டளைகளும்

1978 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி தன் 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மை மாணவர்களுக்கென ஒதுக்கியது செல்லுமா என்பதுதான் வழக்கு. நீதிபதி ஹாரி பிளாக்மன் தனியே எழுதிய கருத்தில் ஒரு வரி இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: இனவெறியைத் தாண்டிப் போக வேண்டுமானால் முதலில் இனத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஏறக்குறைய இதே வாக்கியம் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1977 நவம்பரில், அட்லான்டிக் மாத இதழில் அச்சாகியிருந்தது. எழுதியவர் நீதிபதி அல்லர், வழக்குரைஞரும் அல்லர். அவர் மெக்ஜார்ஜ் பண்டி. கென்னடிக்கும் ஜான்சனுக்கும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்து, வியட்நாம் போரை வகுத்தவர்களில் ஒருவர். கட்டுரை வெளிவந்தபோது ஃபோர்டு அறக்கட்டளையின் தலைவர்.

இதில் சதி எதுவும் இல்லை. ஓர் இதழில் வந்த வாதம் ஒரு நீதிபதிக்குப் பிடித்துப்போயிருக்கலாம். ஆனால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத, பங்குதாரர் என்று யாரும் இல்லாத ஒரு நிறுவனத்தின் தலைவர், நாட்டின் மிகக் கடினமான கேள்வி ஒன்றுக்குச் சொற்களைக்கூடத் தந்துவிட முடிகிறது. அது எப்படி என்பதைப் பார்க்க நூறாண்டுக் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது.

அறக்கட்டளை என்றதும் நமக்கு அன்னதானமும் கல்வி உதவித்தொகையும் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை வேறு வகை. ஒரு செல்வந்தர் பெருந்தொகையை ஒதுக்குகிறார். அதற்கு வரிச்சலுகை கிடைக்கிறது. அந்தத் தொகை முதலீடாக நின்று வளர்கிறது. ஆண்டுதோறும் அதில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. எதற்குச் செலவிடுவது என்பதை அறங்காவலர் குழு முடிவு செய்கிறது. அரசின் கல்விச் செலவோடு ஒப்பிட்டால் இந்தப் பணம் சில்லறைதான். அதனாலேயே இதன் செல்வாக்கைத் தொகையை வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். வேறு யாரும் பணம் போடத் துணியாத நேரத்தில், பல வழிகள் திறந்துகிடக்கும்போது, எந்த வழியில் முதல் அடி வைப்பது என்பதை இது தீர்மானிக்கிறது. பிறகு அரசும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அந்த வழியிலேயே நடந்து பழகிவிடுகின்றன.

முதல் பெரிய சான்று ரோசன்வால்ட் பள்ளிகள். சியர்ஸ் ரோபக் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், டஸ்கிகீ கல்வி நிலையத்தின் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து 1912இல் அலபாமாவில் சில கிராமப் பள்ளிகளைக் கட்டத் தொடங்கினார். 1932இல் திட்டம் முடிந்தபோது தெற்கின் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. ஆசிரியர் குடியிருப்புகளையும் பட்டறைகளையும் சேர்த்தால் 5,357 கட்டடங்கள். முழுச் செலவையும் ரோசன்வால்ட் தரவில்லை. ஊர்க் கறுப்பின மக்கள் தங்கள் பங்கைத் திரட்ட வேண்டும். வெள்ளையர் நிரம்பிய கல்வி வாரியமும் தன் பங்கைப் போட்டு, பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்த்தால், அந்த ஏழை விவசாயிகள் கொடுத்தது ரோசன்வால்ட் நிதி கொடுத்ததைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. பருத்தி விற்ற காசு, நிலம், மரம், உடலுழைப்பு என்று எல்லாம் அதில் அடக்கம். பள்ளிக்கென்று ஏற்கெனவே வரி கட்டியவர்கள் அதே பள்ளிக்கு இரண்டாம் முறையும் கட்டினார்கள்.

பலன் கண்கூடு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தெற்கின் கிராமங்களில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்கிடையிலான கல்வி இடைவெளி சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் கணிசமான பங்கு இப்பள்ளிகளால் வந்தது என்று பொருளியலாளர்கள் டேனியல் ஆரன்சனும் பாஷ்கர் மஜும்தாரும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்தத் திட்டம் இனப் பிரிவினையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறுப்பினக் குழந்தைக்குத் தனிப் பள்ளி என்ற ஏற்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தனிப் பள்ளிக்கு நல்ல கூரையும் பெரிய சன்னலும் கொடுத்தது. வெள்ளைக் கல்வி வாரியத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் அலபாமாவில் 1915இல் ஒரு செங்கல்லைக்கூட வைத்திருக்க முடியாது என்பது உண்மை. ராக்ஃபெல்லர் பணத்தில் 1902இல் தொடங்கிய பொதுக் கல்வி வாரியம் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. கறுப்பினத்தவருக்குத் தச்சும் உழவும் தையலும் போதும் என்ற தொழிற்கல்வி வழிக்கே நெடுநாள் தோள் கொடுத்தது. தத்துவமும் லத்தீனும் படித்த தலைவர்களும் வேண்டும் என்று கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் எழுப்பிய குரல் அந்த அறைகளில் எடுபடவில்லை.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்துக்குப் போகிறது. 1922இல் சார்ல்ஸ் கார்லண்ட் என்ற இளைஞர் தனக்கு வந்த பரம்பரைச் சொத்து தனக்கு வேண்டாம் என்று சொல்ல, அதைக் கொண்டு ஒரு சிறிய நிதியம் உருவானது. பொதுவாகக் கார்லண்ட் நிதி என்பார்கள். அதே ஆண்டில்தான் கும்பல் கொலைகளைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் டையர் மசோதாவைத் தென் மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே சாகடித்தார்கள். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கமான என்ஏஏசிபி அந்நாளில் உயிரைப் பணயம் வைத்து நடத்திய போராட்டம் கும்பல் கொலைகளுக்கு எதிரானது. ஆனால் 1920களின் இறுதியில் கார்லண்ட் நிதியோடு நடந்த பேச்சுகளின் முடிவில் சட்டப் போராட்டத்துக்கு 1 லட்சம் டாலர் உறுதியளிக்கப்பட்டபோது முதலிடம் பள்ளிகளுக்குப் போனது. பங்குச்சந்தை சரிந்ததில் அந்தத் தொகையிலும் ஒரு சிறு பகுதிதான் கைக்கு வந்தது. அந்தச் சிறு பணத்தில் நேதன் மார்கோல்ட் தயாரித்த சட்ட அறிக்கையும், பின்னர் என்ஏஏசிபி வழக்குரைஞர்கள் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் தர்குட் மார்ஷலும் கட்டிய வழக்குகளும், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954இன் பிரௌன் தீர்ப்பில் போய் முடிந்தன.

அரசியல் அறிவியலாளர் மேகன் மிங் பிரான்சிஸ் இதை இயக்கத்தைக் கைப்பற்றுதல் என்கிறார். கறுப்பின உயிர்களைக் காப்பது என்ற இயக்கத்தின் சொந்த முன்னுரிமையை நிதி தந்தவர்களின் முன்னுரிமை மெல்ல ஓரங்கட்டிவிட்டது என்பது அவர் வாதம். எனக்கு இது முக்கால் பங்கு சரியாகப் படுகிறது. மீதிக் கால் பங்கு, என்ஏஏசிபியின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனே அந்த நிதியின் நிர்வாகக் குழுவில் இருந்தார் என்பதில் இருக்கிறது. மேசையின் இரு பக்கமும் ஒரே ஆள் அமர்ந்திருந்தால் யார் யாரை வளைத்தார் என்று சொல்வது எளிதல்ல. செனட்டில் கதவு மூடியபின் நீதிமன்றக் கதவைத் தட்டுவது ஒரு இயக்கம் தானே எடுத்திருக்கக்கூடிய முடிவும்தான். ஆயினும் கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022இல்தான் வந்தது. நூறாண்டு.

பிரௌன் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பு இந்தக் கதைக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கும். தனிப் பள்ளி குழந்தையின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்பதற்கு நீதிமன்றம் அங்கே சான்றுகளை அடுக்கியது. முதலில் இருப்பது உளவியலாளர் கென்னத் கிளார்க். கறுப்பு, வெள்ளை பொம்மைகளை முன்னே வைத்துக் குழந்தைகளிடம் கேள்வி கேட்ட அந்த ஆய்வை அவரும் மனைவி மேமி கிளார்க்கும் ரோசன்வால்ட் நிதியின் ஆய்வுத்தொகையில் நடத்தினார்கள். கடைசியில் இருப்பது சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னர் மிர்தால் 1944இல் வெளியிட்ட பேராய்வு. அதற்குப் பணம் கொடுத்தது கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளை.

மிர்தால் கதையில் இன்னொரு அடுக்கு உண்டு. கார்னகியின் தலைவர் ஃபிரெடரிக் கெப்பல், அமெரிக்க இனச் சிக்கலைப் புதிய கண்ணோடு பார்க்க வெளிநாட்டவர் ஒருவர் வேண்டும், அதுவும் காலனி ஆண்ட நாட்டவராக இருக்கக் கூடாது என்று தேடி மிர்தாலைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் டுபாய்ஸ் கறுப்பினத்தவர் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக ராக்ஃபெல்லர் வாரியத்தின் கதவையும் கார்னகியின் கதவையும் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் திறக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் இனத்தை ஆராய்ந்த கறுப்பின அறிஞரைவிட, அந்தப் பக்கமே வந்து பழக்கமில்லாத வெள்ளையர் நடுநிலையானவர் என்று பட்டது. இதே கெப்பலின் காலத்தில்தான் கார்னகி பணம் தென்னாப்பிரிக்காவில் ஏழை வெள்ளையரின் நிலை குறித்து ஒரு ஆணையத்தை நடத்தியது. 1932இல் வந்த அதன் அறிக்கை வெள்ளையரைக் கைதூக்கிவிடுவது பற்றியே பேசியது. பின்னாளில் இனஒதுக்கல் ஆட்சியைக் கட்டியவர்களுக்கு அது கைகொடுத்தது. ஒரே கருவூலத்திலிருந்து ஒரு பக்கம் பிரௌன் தீர்ப்பின் அடிக்குறிப்பு, இன்னொரு பக்கம் நிறவெறி அரசின் அடித்தளத்தில் ஒரு கல்.

1960களில் பணம் பள்ளியிலிருந்து வாக்குச்சாவடிக்கு நகர்ந்தது. 1962இல் தொடங்கிய வாக்காளர் கல்வித் திட்டத்துக்கு டகோனிக், ஃபீல்டு, ஸ்டெர்ன் ஆகிய அறக்கட்டளைகள் நிதி தந்தன. கென்னடி அரசு பின்னிருந்து ஊக்குவித்தது. இளைஞர்கள் பஸ் நிலையங்களில் அடிவாங்கிச் செய்திகளில் வருவதைவிட அமைதியாக வாக்காளர்களைப் பதிவு செய்தால் அரசுக்குத் தலைவலி குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. முதல் இரண்டரை ஆண்டுகளில் தெற்கில் ஏறத்தாழ 7 லட்சம் புதிய வாக்காளர்கள் பதிவானார்கள். அவர்களைப் பதிவு செய்யப் போன இளைஞர்கள் மிசிசிப்பியில் அடியும் குண்டும் வாங்கியதைப் பார்த்தால், அமைதி என்ற கணக்கு தப்பிப்போனது புரியும்.

ஃபோர்டு அறக்கட்டளைக்கு 1966இல் பண்டி வந்தார். அடுத்த ஆண்டே கிளீவ்லண்ட் நகரத்தில் கோர் என்ற உரிமை இயக்கத்துக்கு 1,75,000 டாலர் போனது. அதில் வாக்காளர் பதிவும் ஒரு வேலை. அந்த நவம்பரில் கார்ல் ஸ்டோக்ஸ் மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்று, அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் முதல் கறுப்பின மேயரானார். பணம் தந்தவர்கள் இதைத் தற்செயல் என்றார்கள், தோற்றவர்கள் நம்பவில்லை. நியூயார்க்கின் புரூக்லினில் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் பகுதியில் பள்ளி நிர்வாகத்தை ஊர்மக்களிடமே ஒப்படைக்கும் சோதனைக்கும் ஃபோர்டு சிறு தொகை கொடுத்தது. 1968இல் அந்த ஊர்க் குழு சில ஆசிரியர்களை இடமாற்ற, ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்க, கறுப்பினப் பெற்றோரும் பெரும்பாலும் யூதரான ஆசிரியர்களும் எதிரெதிரே நின்றார்கள். நகரம் பத்து லட்சம் மாணவர்களோடு முடங்கியது. இராபர்ட் கென்னடி கொல்லப்பட்டபின் அவருடைய உதவியாளர்கள் எட்டுப் பேருக்கு ஃபோர்டு பயணத்துக்கும் ஓய்வுக்கும் என்று 1,31,000 டாலர் கொடுத்ததும் வெளியே வந்தது.

பிரதிநிதிகள் அவையின் டெக்சாஸ் உறுப்பினர் ரைட் பேட்மன் 1960களின் தொடக்கத்திலிருந்தே அறக்கட்டளைகள் மீது விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குத் துணை சேர்ந்தது. நாடாளுமன்றக் குழு முன் பண்டி பேசிய தோரணை நிலைமையை இன்னும் மோசமாக்கியது என்பார்கள். ஹார்வர்டு முன்னாள் புலத்தலைவர் தன் மாணவர்களிடம் பேசுவது போலப் பேசினாராம். 1969 வரிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. முதலீட்டு வருமானத்தில் 4 விழுக்காடு வரி, ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதி, வாக்காளர் பதிவுக்குப் பணம் தருவதென்றால் அந்த அமைப்பு 5 மாநிலங்களுக்குக் குறையாமல் இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. ஒரு கிளீவ்லண்ட் மறுபடி நடக்கக் கூடாது என்பதுதான் கடைசி விதியின் பொருள். அறக்கட்டளைகளுக்கு 40 ஆண்டு ஆயுள் வரம்பு வைக்கும் யோசனைகூட செனட் குழுவில் நிறைவேறி, பிறகு அவையில் கைவிடப்பட்டது.

இந்தச் சட்டத்தின் விளைவைத்தான் நான் இந்தக் கதையின் மையமாகக் கருதுகிறேன். வீதியும் வாக்குச்சாவடியும் ஆபத்தான இடங்களாயின. பணம் பத்திரமான இடங்களைத் தேடியது. வழக்காடும் அமைப்புகளும் வளாகங்களும் கிடைத்தன. மெக்சிக்க அமெரிக்கர்களுக்கான சட்ட நிதியத்துக்கு 1968இலேயே ஃபோர்டு 22 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் உரிமை நிதியமும் ஃபோர்டு பணத்தில் பிறந்தது. 1971இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் சிறுபான்மை மாணவர்களின் ஆய்வுத்தொகைக்குமாக ஆறாண்டுகளில் 10 கோடி டாலர் என்று அறிவித்தது. 1988இல் மெலன் அறக்கட்டளை சிறுபான்மை இளங்கலை மாணவர்களை முனைவர் பட்டம் வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. இவையெல்லாம் நல்ல வேலைகள். பல்கலைக்கழகத் துறைகளில் இன்று கற்பிக்கும் பலர் இவற்றின் வழியே வந்தவர்கள். ஆனால் ஒரு நகரத்தின் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி, ஒரு வளாகத்தின் வகுப்பறையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியாகச் சுருங்கிப்போனது.

பாக்கி தீர்ப்பு அந்தச் சுருக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. தமிழ்நாட்டு வாசகர் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நமக்குப் பழக்கமான இடஒதுக்கீடு, அதாவது இத்தனை இடம் இன்னாருக்கு என்ற முறை, அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் அன்றே செத்துப்போனது. மிஞ்சியது நீதிபதி லூயிஸ் பவல் விட்டுவைத்த சிறு சன்னல். பலதரப்பட்ட மாணவர்கள் இருந்தால் எல்லாருக்கும் கல்வி சிறக்கும் என்பதால், இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம். இழைத்த அநீதிக்கு ஈடு என்ற வாதம் பின்னுக்குப் போய், நிறுவனத்துக்கு நன்மை என்ற வாதம் முன்னே வந்தது. அறக்கட்டளைகளுக்கு இது வசதியான வாதம். யாரையும் குற்றம் சாட்டாதது, கணக்கெடுத்துக் காட்டக்கூடியது. பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் வில்லியம் போவன் மெலன் அறக்கட்டளையின் தலைவரான பின், 28 கல்லூரிகளில் படித்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைத் திரட்டச் செய்தார். அதைக் கொண்டு ஹார்வர்டின் முன்னாள் தலைவர் டெரிக் பாக்குடன் சேர்ந்து 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். 2003இல் மிச்சிகன் சட்டக் கல்லூரியின் சேர்க்கை முறையை ஏற்றுக்கொண்ட குரூட்டர் தீர்ப்பு அந்த நூலை மேற்கோள் காட்டியது. கேள்வியை வகுத்தவர்களே தரவையும் திரட்டி, பதிலையும் எழுதினார்கள் என்று எதிராளிகள் சொன்னார்கள். ஆய்வு தரமானது, குறையும் பொய்யல்ல.

அந்த எதிராளிகளும் வெறுங்கையோடு வரவில்லை. மில்வாக்கியின் பிராட்லி, நியூயார்க்கின் ஓலின் முதலிய பழமைவாத அறக்கட்டளைகள் ஃபோர்டின் பாடத்தைக் கவனமாகப் படித்திருந்தன: நிறைய பணம் வேண்டாம், பொறுமையும் சரியான வழக்கும் போதும். அவற்றின் ஆதரவு பெற்ற தனிமனித உரிமை மையம் 1996இல் டெக்சாஸ் சட்டக் கல்லூரிக்கு எதிராக ஹாப்வுட் வழக்கில் வென்றது. குரூட்டர் வழக்கைத் தொடுத்ததும் அதுவே. பின்னர் எட்வர்டு புளும் என்ற முன்னாள் பங்குத்தரகர், நன்கொடையாளர் பெயரை வெளியிடத் தேவையில்லாத நிதியங்களின் துணையோடு வழக்குமேல் வழக்காகக் கொண்டுவந்தார். 2014இல் அவர் தொடங்கிய அமைப்பு ஹார்வர்டையும் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் பவலின் சன்னலை அடைத்தது. முறையில் இரு தரப்புக்கும் வேறுபாடு காண்பது கடினம். வரிச்சலுகை பெற்ற பணம், பொருத்தமான மனுதாரரைத் தேடுதல், கீழ்நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக ஏறுதல் எல்லாம் அதே.

நடுவே ஒருமுறை அறக்கட்டளைகளின் முகத்துக்கு நேராகவே கண்ணாடி பிடிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் கிரீன்லைனிங் என்ற அமைப்பின் முயற்சியால், பெரிய அறக்கட்டளைகள் தங்கள் அறங்காவலர், ஊழியர், பணம் பெறும் அமைப்புகள் ஆகியோரின் இன விவரத்தை வெளியிட வேண்டும் என்ற ஏபி 624 மசோதா 2008இல் கீழவையில் நிறைவேறியது. பன்மைத்துவத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் பதறிப்போனார்கள். மாநிலத்தின் பத்துப் பெரிய அறக்கட்டளைகள் சிறுபான்மையினர் நடத்தும் சிறு அமைப்புகளுக்குப் பணம் தருவதாக வாக்களிக்க, மசோதா திரும்பப் பெறப்பட்டது. பிறருக்குக் கொள்கை வகுப்பது ஒன்று, தன் வீட்டுப் பட்டியலைத் திறந்து காட்டுவது வேறொன்று.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டபின் பணம் வெள்ளமாக வந்தது. ஃபோர்டு 100 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டுக் கொடையைப் பெருக்கியது. ஓபன் சொசைட்டி அறக்கட்டளை 22 கோடி டாலரும், மெலன் நினைவுச்சின்னங்களை மறுபரிசீலிக்க 25 கோடி டாலரும் அறிவித்தன. கொடையாளர் மெக்கென்சி ஸ்காட், கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டுக்கு 4 கோடி டாலர் கொடுத்தார், நிபந்தனை இல்லாமல். அந்த நிபந்தனையின்மைதான் இதில் புதுமை.

எதிரலை வர மூன்றாண்டுதான் ஆனது. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் நடத்தும் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் அறக்கட்டளை, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் நல்கை தரும் போட்டி ஒன்றை நடத்திவந்தது. 2023 ஆகஸ்டில் புளுமின் இன்னொரு அமைப்பு அதன்மீது வழக்குத் தொடுத்தது. ஆதாரமாகக் காட்டியது 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம். விடுதலையான அடிமைகளும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று உறுதிசெய்ய உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு இயற்றப்பட்டது அது. கொடை என்பது கருத்துச் சுதந்திரம், யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம் என்று ஃபியர்லெஸ் வாதிட்டது. போட்டி விதிகளிலேயே இது ஒப்பந்தம் என்று எழுதியிருந்தது எதிர்த்தரப்புக்கு வசதியாகப் போயிற்று. 2024 ஜூனில் 11ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் போட்டியை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன, போட்டி மூடப்பட்டது.

2025 ஜனவரி 21 அன்று பன்மைத்துவத் திட்டங்களுக்கு எதிராக டிரம்ப் பிறப்பித்த ஆணை ஒவ்வோர் அரசுத் துறையும் விசாரணைக்கு உரியவையாக ஒன்பது இலக்குகள் வரை அடையாளம் காண வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பெரிய பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றோடு 50 கோடி டாலருக்குக் குறையாத சொத்துள்ள அறக்கட்டளைகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு பெரிய அறக்கட்டளைகளின் முதலீட்டு வருமான வரியை 10 விழுக்காடு வரை உயர்த்தும் பிரிவு பிரதிநிதிகள் அவையில் நிறைவேறி, செனட்டில் உதிர்ந்தது. 1969ஐப் போலவே இதிலும் அடி முதலில் விழுவது பணம் பெறும் சிறு அமைப்பின் மீது. ஃபோர்டுக்கு வழக்குரைஞர்கள் இருக்கிறார்கள், மூலதனம் இருக்கிறது. அதனிடம் ஆண்டுக்கு ஆண்டு நல்கை வாங்கி நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அமைப்புக்கு இரண்டும் இல்லை.

ஃபியர்லெஸ் வழக்கு உச்ச நீதிமன்றம் போகாமல் சமரசத்தில் முடிந்ததால், கொடை என்பது ஒப்பந்தமா அல்லவா என்ற கேள்விக்கு நாடு முழுவதற்குமான பதில் அந்த வழக்கில் கிடைக்கவில்லை. 11ஆம் வட்டத்தின் முடிவு கட்டுப்படுத்துவது அலபாமா, ஜார்ஜியா, ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களை மட்டும்.